வெளியே போவது என்றால்

1

எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் 'வெளியே போனீங்களா' என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் மார்க்கெட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ போய்வந்த கதையைச் சொல்வார்கள். கேட்பவர் டாக்டர் என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, போனேன் என்றோ போகவில்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். கக்கூஸ் கட்டாத காலத்தில் நிஜமாகவே வெளியே, வயல் பக்கம்தான் போனோம். பிறகு கக்கூஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது, வார்த்தை மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அதனால் போன மழைக்காலத்தில் என் நைனா சாகப் பார்த்தார்.

அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எழுபத்தெட்டு வயது. அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் எங்கள் சொந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருக்கிறார். நான் ஒரே மகள், மெல்போர்னில் இருக்கிறேன். சம்பவம் நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்போது விசாரித்த உறவுக்காரர்களிடமெல்லாம் 'வயித்துக் கோளாறு, இப்ப பரவாயில்ல' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது அங்கே மறுபடி மழை பிடித்துக்கொண்டிருக்கிறதாம். இங்கே வெயில் ஆரம்பித்திருக்கிறது. முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு வயதானவர் இருப்பார், அவர் வயிற்றைப் பற்றி உங்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். காலையில் ஒவ்வொரு அறையாகப் போய்த் திரையை விலக்கி, வணக்கம் சொல்லி, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்ததாகக் கேட்பது அந்தக் கேள்விதான். போனாரா, எப்படி இருந்தது, கட்டியா, இளக்கமா என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் பதிவு இல்லையென்றால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடும். நர்ஸ் வந்து என்ன ஆச்சு என்பார். மதியத்துக்குள் மலத்தை இளக்குகிற உலர் பிளம்ஸ் பழச்சாறு ஒரு டம்ளர் அந்த அறைக்குப் போய்விடும்.

சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. ஆங்கிலத்தில் இதை நாசூக்காகக் 'குடலைத் திறப்பது' என்று சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. பெரியவர் ஒருவர் குடலைத் திறந்தாரா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஐயோ, ஆபரேஷன் ஆன ஆளா என்று பயந்துபோய், அவருடைய சட்டையைத் தூக்கித் தையல் எங்கே என்று தேடினேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அந்தக் கதையைச் சொல்லி இப்போதும் அங்கே என்னைக் கேலி செய்வார்கள்.

பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வயதானால் குடலின் வேகம் குறையும். தாகம் எடுப்பதே தெரியாது. பல் போனவர்கள் கீரை, காய், முழுத் தானியம் எதையும் மெல்ல முடியாமல் மாவுப் பண்டமாகவே தின்பார்கள். நடமாட்டம் குறையும். விழுங்குகிற மாத்திரைகளில் சில மலத்தைக் கட்டும். பேச்சு குழறினாலோ, சாப்பாடு வேண்டாம் என்றாலோ, மூளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் வயிற்றைத் தொட்டுப் பார் என்பார்கள். பரீட்சையில் இதையெல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்களிடம் தினமும் கேட்டவள், சொந்த அப்பாவிடம் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பெண்பிள்ளை அப்பாவிடம் போய் இதைக் கேட்பதா என்ற கூச்சம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை.

3

எங்கள் குடும்பத்தார் கள்ளிக்குப்பத்தில் நெல் போட்டவர்கள். நிலம் மனையாகிவிட்ட பிறகு நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத்து மெஷினில் நின்றார். இடம் மாறினாலும் சாப்பாடு மாறவில்லை. அம்மா இருந்தவரை கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, அவரை, காராமணி என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும். அம்மா போனபிறகு நைனாவுக்கு இந்த வயதில் அடுப்பெதற்கு என்று நான்தான் முடிவு செய்தேன். மெல்போர்னில் உட்கார்ந்தபடி போனைத் தட்டினால் கள்ளிக்குப்பத்தில் சாப்பாடு போய் இறங்குகிறது. பெருமையாக இருந்தது. பல்செட் வைத்தவர், மெதுவாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துத் தட்டினேன். காலையில் இட்லி, மதியம் தயிர்சாதம், ராத்திரிக்குப் பொங்கல் அல்லது இடியாப்பம். நடுவில் அவராகக் கடையில் டீயும் பன்னும். வெள்ளையைத் தவிர வேறு நிறமே அந்தத் தட்டில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. கேட்டால், நல்லாத்தான் கீது என்பார். நானும் விட்டுவிட்டேன்.

ஒருமுறை ஊருக்குப் போனபோது எலும்புக்கு நல்லது என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரை பெரிய டப்பாவாக வாங்கிக்கொண்டு போனேன். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று அங்கே ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டுமே மலத்தைக் கட்டுகிறவை, நைனா இரண்டையும் ஒழுங்காக விழுங்கினார். ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுந்து எழுந்து தூக்கம் கெடுகிறது என்று சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். இதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் தொட்டிதான். பெருமழை பெய்தால் நிலத்துநீர் ஏறித் தொட்டி நிரம்பிக்கொள்ளும். ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். தொட்டியை உறிஞ்சியெடுக்கிற லாரி தெருவுக்குள் வரவும் முடியாது. மழை விடும்வரை அடக்கி ஒடுக்கிக்கொள்வது எங்கள் தெருக்காரர்களுக்குப் பழக்கம். மாடியில் செல்வி என்ற பெண்ணும் அவள் புருஷனும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஈரோட்டுப் பக்கம், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அடைமழை நாட்களில் நைனா அவர்களிடமும் சொல்லிவைப்பார், தண்ணியப் பாத்து ஊத்துங்க என்று.

4

என் மகள் அனு இங்கேயே பிறந்தவள். போன வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொஞ்ச காலம் போய்விட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் பேசுகிற தமிழ் செய்தி வாசிப்பவர் பேசுவதைப்போல இருக்கும். வாரம் ஒருமுறை தாத்தாவோடு வீடியோவில் பேசவேண்டும் என்று நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். 'நலமாக இருக்கிறீர்களா தாத்தா' என்று இவள் ஆரம்பிப்பாள். 'நல்லா கீறேம்மா, நல்ல மழ கீது' என்று அவர் சொல்வார். கொஞ்சநாள் கழித்து என்னிடம் வந்து, தாத்தா அடிக்கடி சொல்லும் அந்த கீது யார், அவருடைய சிநேகிதியா என்று கேட்டாள். எங்கள் அம்மாவின் ஆத்மா சாந்தி அடையட்டும் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன், புகைபோக்கி வேறு இரைந்துகொண்டிருந்தது. நைனா அவளிடம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டது இது.

"கண்ணு, வெளிய போயி நாலஞ்சு நாளாவுதுன்னு அம்மாவாண்ட சொல்லு. இன்னா பண்றதுன்னு கேளு."

வயிறு என்ற வார்த்தையைக்கூட அவர் எடுக்கவில்லை. வயசுப் பெண்ணிடம் அதுக்குமேல் எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொண்டாராம். என் காதில் விழுந்தால் எனக்குப் புரியும் என்ற தைரியம். அனு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கத்தினாள். தாத்தா நாலைந்து நாளாக வெளியே போகவில்லையாம், என்ன செய்வது என்று கேட்கிறார். தமிழில் சொல்லியிருந்தால் எனக்கும் பொறி தட்டியிருக்கும். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த வார்த்தை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டது. காலையில்தான் கள்ளிக்குப்பத்துத் தெருவில் தண்ணீர் நிற்கிற படத்தைச் செல்வி அனுப்பியிருந்தாள். நானும் ஆங்கிலத்திலேயே, கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னேன். வெளியே போகவே வேண்டாம் என்று சொல், வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும், மழை விட்டதும் போகலாம்.

அனு அதை அழகான தமிழில் தாத்தாவிடம் சொன்னாள். இடுப்புக்குத் தமிழ் தெரியவில்லையோ என்னவோ, வழுக்கி விழுகிற அந்தத் துண்டையே விட்டுவிட்டாள். "தாத்தா, நீங்கள் வெளியே போகவே வேண்டாம் என்று அம்மா சொல்கிறார்கள். மழை நின்ற பிறகு போகலாம்."

நைனா கொஞ்சம் யோசித்தாராம். மகள் ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் வேலை செய்கிறவள். தொட்டி நிரம்பியிருப்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறாள் என்று அவருக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. சரிம்மா என்று சொல்லிவிட்டு, உள்ளே போடுவதையும் குறைத்துக்கொண்டார். இட்லியைத் தொடவில்லை, டீயும் குடிக்கவில்லை. மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை.

5

செல்வி கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. ஊரிலிருந்து அந்த நேரத்தில் வந்ததால் எடுத்துவிட்டேன்.

"அக்கா, ஐயாவுக்கு வயிறு பானையாட்டம் உப்பிப்போச்சுங்க. காலைல இருந்து வாந்தி. பேசுனா ஒளறுறாருங்க, என்னைய உங்க பேரச் சொல்லிக் கூப்புடுறாரு."

அவளும் அவள் புருஷனும் நைனாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் என்னோடு போனில் பேசினார். மலம் இறுகிக் குடலை அடைத்துக்கொண்டிருக்கிறது. எனிமா கொடுத்துப் பார்க்கிறோம். குடல் ஓட்டையாகிவிட்டால் வயிற்றைத் திறந்துதான் ஆகவேண்டும். இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குவாரா என்று சொல்ல முடியாது. நான் இங்கே சீருடையோடு சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வரிசையாக எல்லா அறையிலும் கேட்டுப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேலாளர் விடுப்புக்கு என்ன காரணம் போடுவது என்று கேட்டார். அப்பா என்று மட்டும் சொன்னேன்.

அனுவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, ஆனால் விசா இல்லை. இங்கே பிறந்தவளுக்கு அம்மாவின் ஊருக்குப் போக மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நான் மட்டும் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயர் சொல்லி, பெரியவரின் மகள், உள்ளே போகவேண்டும் என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மகள் ஏற்கனவே உள்ளே இருக்காங்களே என்றாள். செல்விதான். கையெழுத்துப் போட ரத்த சம்பந்தம் வேண்டும் என்றதும், அந்த அவசரத்தில் மகள் என்று சொல்லிப் போட்டிருக்கிறாள். ஆதார் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் அது இல்லை, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்குக் கொடுக்கிற அட்டைதான் இருந்தது. கவுண்டர் பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இன்னா கார்டும்மா என்று கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து செல்வி வந்து, இவங்கதானுங்க நெசமான மகள் என்று சாட்சி சொல்லித்தான் என்னை விட்டார்கள்.

நைனா கையில் சலைனோடு, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். புத்தி தெளிந்திருந்தது. எனிமாவில் பாதிதான் பலன் கிடைத்திருக்கிறது, சாயங்காலம்வரை பார்ப்போம், இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாக இப்படி, ஏன் நைனா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சொன்னனே. நீ தான வெளிய போவாத, மழ உட்டப்பறம் போவலாம்னு கொயந்தையாண்ட சொல்லி அனுப்ச்ச. தொட்டி ரொம்பிக்கினு கீது, அதான் சொல்றன்னு நென்ச்சேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம், கரண்டி எல்லாம் ஒரே நொடியில் வந்து நின்றன. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "அட போம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மதியத்துக்குமேல் அவரைக் கக்கூஸுக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போன ஆயாம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "பெரியவரு வெளிய பூட்டாரு" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல செய்தி கேட்டதாக ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது டாக்டர் என்னைத்தான் திட்டினார். மெதுவா இருக்கணும்னு சொல்லி வெறும் மாவாப் போட்டுக் கொடுத்திருக்கீங்க என்றார். மாத்திரைகளை மாற்றினார். தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிட வேண்டும். கீரை, காய், கேழ்வரகு எல்லாம் குழைய வேகவைத்து, ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காலையில் நேரத்துக்கு உட்கார வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். எல்லாமே எனக்குத் தெரிந்த விஷயங்கள். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

6

அனுவிடம் நடந்ததை நான் போனில் தமாஷாகத்தான் சொன்னேன். அதுதான் பிசகு. அவள் சிரிக்கவில்லை. நான் மெல்போர்ன் திரும்பியபோது அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இனிமேல் தாத்தாவோடு பேசமாட்டாள். தன்னுடைய தமிழ் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறது, அதைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் தப்பு இல்லை என்று கதவுக்கு வெளியே நின்று எவ்வளவோ சொன்னேன். கோபித்தும் பார்த்தேன். இங்கே பிள்ளைகள் நம்மைவிட்டு விலகுவது இப்படித்தான் நடக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை, மரியாதையாக, மெதுவாகக் கதவைச் சாத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் பேசினேன். அனு எங்கே என்று நைனா கேட்பார். வெளியே போயிருக்கிறாள் என்பேன். எந்த வெளியே என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். சில வாரம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் அவருக்குத் தாங்கவில்லை.

"கொயந்த இன்னா தப்பு பண்ணுச்சி? நான் சொன்னத சொல்லுச்சி, நீ சொன்னத சொல்லுச்சி. நாம ரெண்டு பேருந்தான் வாயத் தொறந்து பேசிக்கல."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒங்கம்மா டெய்லி கேப்பா, டீ குடுக்கசொல்லோ. அவ பூட்டப்பறம் என்னிய இத்த ஒருத்தரும் கேக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பால் விலை ஏறிவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

இனிமேல் நானே கேட்கிறேன் என்றேன். இன்றைக்குப் போனீர்களா நைனா என்று அப்போதே கேட்டும்விட்டேன். எத்தனையோ பேரிடம் கேட்ட வாய்தான், ஆனாலும் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. என் வயித்து சமாசாரத்த அனுவாண்ட மட்டுந்தான் சொல்வேன், அவளக் கூப்புடு என்றார். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. நிலத்தை விற்றபோது அதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார்கள்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நாள் கேட்டேன், சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. செல்வியிடம் விசாரித்தால், ஐயா நல்லாத்தான் நடமாடறாருங்க, அந்த வெசயம் நான் எப்படிங்க கேக்கறது என்றாள். போன தடவையும் நல்லாத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேலையில் யாருடைய பெயராவது சிவப்பானால் நர்ஸ் வருவதற்குள் அந்த அறைக்கு ஓடினேன். அனுவின் அறைக்குப் போய், நீ அவரோடு பேசவேண்டாம், பழகவும் வேண்டாம், ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுச் சொல், மறுபடி அடைத்துக்கொண்டால் இந்தத் தடவை கத்திதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்து போனுக்காகக் கையை நீட்டினாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் நைனா கூச்சத்தையெல்லாம் ஒரு பக்கமாக மூட்டை கட்டி வைத்துவிட்டார். "கண்ணு, தாத்தா ஆயி பூட்டேன்" என்றார்.

ஆய் அவளுக்குத் தெரிந்த வார்த்தை. இரண்டு வயதில் அவள் சொன்ன முதல் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனால் என் மகள் அல்லவா, அதோடு விடவில்லை. செய்தி வாசிக்கிற குரலில், "எவ்வாறு இருந்தது தாத்தா? கட்டியாகவா, இளக்கமாகவா?" என்று கேட்டாள்.

"வாயப்பயம் மாறி" என்றார் நைனா.

வாயப்பயம் என்றால் வாழைப்பழம் என்று நான் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அனு அதற்குமேல் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவரும் பல்செட் கழன்றுவிடுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் எல்லாம் கிடையாது. அனு பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். ரயிலில் வரும்போதோ வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றும்போதோ கள்ளிக்குப்பத்தைக் கூப்பிடுகிறாள். நான் போனில் சாப்பாடு தட்டுவதை நிறுத்திவிட்டேன். நைனா தானே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சுகிறார். கீரைக்காரம்மா வாசலில் வந்தால் முளைக்கீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு வாங்கிக் கடைந்துகொள்கிறார். செல்வி மேலே என்ன காய் செய்தாலும் ஒரு கிண்ணம் கீழே வருகிறது. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். சில நாள் சரியாகப் போகிறது, சில நாள் இல்லை. இந்த வயதில் தினமும் ஒரே மாதிரி இருக்காது. சரியில்லாத நாளில் அது எங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அனுவின் தமிழ்தான் கெட்டுப்போய்விட்டது. அல்லது தேறிவிட்டது, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னா தாத்தா, போனியா என்று கேட்கிறாள். சனிக்கிழமைப் பள்ளி வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார். அவர் என்ன தின்றார், தண்ணீர் குடித்தாரா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எல்லாம் விசாரிக்கிறாள். அவளுடைய பாடம், சிநேகிதிகள், எனக்குத் தெரியாத இன்னும் ஏதேதோ அவரிடம் சொல்லப்படுகின்றன. மறுபடியும் நான் அடுப்படியில்தான் நிற்கிறேன், பாதிதான் காதில் விழுகிறது. ஆனால் இப்போது புகைபோக்கியை நிறுத்திவிடுகிறேன்.

போன வாரம் ஒருநாள் மதிய ஷிஃப்ட் முடிந்து வந்து, உட்காரக்கூட இல்லாமல் மறுநாளைக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. வேலையில் தண்ணீர் குடித்தால் நடுவில் ஓட வேண்டியிருக்கும் என்று குடிப்பதில்லை. சாப்பிடுவதும் பெரும்பாலும் நின்றுகொண்டு தின்கிற இந்த ரொட்டிதான். அனு தாத்தாவிடம் கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பினாள்.

"நீ போனியாம்மா?"

வாயைத் திறந்தேன். போனேன் என்று சொல்லத்தான் திறந்தேன். இந்த ஊரில் என்னிடம் இதை ஒருவரும் கேட்டதே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்றேன்.